குடியை விட்டவர்கள் கூடும் அறை

பினாங்கில் பல தமிழ்க் குடும்பங்களுக்குப் பழகிப்போன கதை இது. வீட்டு ஆண் ஒருவர் குடித்துக் குடித்து, ஈரல் வீங்கி, மருத்துவமனையில் சேர்கிறார். பத்து நாள் வார்டில் ஒரு சொட்டு கிடையாது. கை நடுக்கம் நிற்கிறது, முகம் தெளிகிறது, சோறு இறங்குகிறது. தண்ணீர்மலை முருகன்மேல் சத்தியம் செய்துவிட்டு வீட்டுக்கு வருகிறார். அது பொய்ச் சத்தியம் இல்லை, அந்த நேரத்தில் மனதார நினைத்தே செய்கிறார். ஒரு மாதம் ஆவதற்குள் கோப்பிக்கடை மேசையில் பழைய இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் எல்லாருக்கும் ஒரே முடிவு: ‘இவனுக்கு மன உறுதி இல்லை.’

அதே தெருவில் இன்னொருவர். முன்னவரைவிட அதிகமாகக் குடித்தவர், வேலையையும் இழந்தவர். அவருக்கு மன உறுதி கூடுதல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் வாரத்தில் இரண்டு மாலை எங்கோ ஓர் அறைக்குப் போய், தம்மைப் போலவே குடித்துக் கெட்ட பத்துப் பேருடன் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறார். அங்கே டாக்டர் இல்லை, மாத்திரை இல்லை, புத்திமதி சொல்லக்கூட ஆள் இல்லை. ஆண்டுகள் போகின்றன, அவர் குடிப்பதில்லை.

மருந்தும் தாதியரும் நிறைந்த வார்டால் நிலைநிறுத்த முடியாததை வெறும் பேச்சு நடக்கும் அறை எப்படி நிலைநிறுத்துகிறது? ஆய்வாளர்கள் நெடுங்காலம் இந்தக் கேள்வியை ஒதுக்கியே வைத்திருந்தார்கள். நம்பிக்கை சார்ந்த சமாச்சாரம், அளக்க முடியாது என்று நினைத்தார்கள். கடந்த முப்பது ஆண்டுகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். கிடைத்த விடை, குடிப்பவரைவிட அவருடைய மனைவிக்கும் அக்காவுக்கும் டாக்டருக்கும்தான் முதலில் தெரிய வேண்டியது.

முதலில் மருத்துவமனையின் வேலையைப் பார்த்துவிடுவோம். அதைத் தாண்டிக்கொண்டு நேரே கூட்டத்துக்குப் போவது சிலருக்கு உயிராபத்து.

மூளையின் செல்கள் வேதிப்பொருள்களைக் கொண்டு ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புகின்றன. காபா என்ற பொருள் செல்களை அடக்குகிறது, குளூட்டமேட் என்ற பொருள் தூண்டுகிறது. மது காபாவின் வேலையைக் கூட்டிக் குளூட்டமேட்டின் வேலையைக் குறைக்கிறது. குடித்தவருக்கு வரும் தளர்ச்சியும் நாக்குழறலும் தூக்கமும் அதனால்தான். ஆண்டுக்கணக்கில் தினமும் குடிக்கும்போது மூளை இதை ஈடுகட்டப் பார்க்கிறது. அடக்கும் சைகைக்கு அசையாமலும் தூண்டும் சைகைக்கு அதிகமாக அசைந்தும் தன்னை மாற்றி அமைத்துக்கொள்கிறது. திடீரென்று மதுவை நிறுத்தினால் இந்த மாற்றம் மட்டும் மிஞ்சி நிற்கும். அடக்க ஆள் இல்லாமல் மூளை முழுக்கத் தூண்டப்பட்டுவிடும். கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, படபடப்பு எல்லாம் அப்போது வருபவை. இவற்றை விலகல் அறிகுறிகள் என்கிறோம். நிறுத்திய ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாளில் வேறு சிலருக்குச் சித்தம் கலங்கும், சுவரில் இல்லாத பூச்சி தெரியும், காய்ச்சல் அடிக்கும், இதயம் தாறுமாறாக ஓடும். கவனிக்காமல் விட்டால் இது ஆளைக் கொல்லும்.

ஆகவே காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஒரு மடக்கு உள்ளே போனால்தான் நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர் வீட்டில் தானாக நிறுத்தக் கூடாது. குடும்பத்தாரும் பாட்டிலைப் பிடுங்கி அறையில் பூட்டி வைக்கக் கூடாது. அரசாங்க கிளினிக்குக்கோ, வலிப்பும் குழப்பமும் தொடங்கிவிட்டால் பினாங்கு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கோ அழைத்துப் போக வேண்டும். டயஸிபாம் வகை மருந்தைக் கொடுத்து, அளவைப் படிப்படியாகக் குறைத்து மூளையைப் பழைய நிலைக்கு இறக்குவார்கள். தயாமின் என்ற வைட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள். அது குறைந்துபோனால் நினைவாற்றல் நிரந்தரமாகக் கெட்டுவிடலாம். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் இந்தக் கட்டம் முடிந்துவிடும்.

உடல் தெளிந்துவிட்டது. அப்படியென்றால் ஏன் திரும்பிப் போகிறார்?

இதற்கு விடை தரும் சோதனைகளில் ஒன்றைக் குரங்குகளை வைத்து வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் சுவிட்சர்லாந்தில் செய்தார். குரங்கின் வாயில் ஒரு துளி பழச்சாறு விழும்போது மூளையின் டோபமின் செல்கள் துள்ளுகின்றன. சாறு வருவதற்கு முன் ஒவ்வொரு முறையும் ஒரு விளக்கு எரியும்படி பழக்கினால், சில நாளில் அந்தத் துள்ளல் சாற்றை விட்டு விளக்குக்கு இடம் மாறிவிடுகிறது. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வர வேண்டிய நேரத்தில் அந்தச் செல்கள் இருந்த நிலைக்கும் கீழே அடங்கிப்போகின்றன. மூளைக்கு இனி முக்கியம் வரவிருப்பதை அறிவிக்கும் குறிதான். தூண்டுகுறி என்று அதற்குப் பெயர் வைத்துக்கொள்வோம்.

குடிப்பவருக்கு மாலை ஆறு மணி ஒரு தூண்டுகுறி. சம்பள நாள் ஒன்று, பாட்டில் மூடி திறக்கும் ஓசை ஒன்று, கூட்டாளியின் மோட்டார் சைக்கிள் வாசலில் நிற்கும் சத்தம் இன்னொன்று. டெர்ரி ராபின்சன், கென்ட் பெரிட்ஜ் என்ற இரு உளவியலாளர்கள் 1993-இல் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். ஒரு பொருள் பிடிப்பதும் அதன்மேல் வேட்கை எழுவதும் மூளையில் தனித்தனிப் பாதைகள் என்றார்கள். நீண்டநாள் குடியில் பிடித்தம் குறைந்துகொண்டே வரும், வேட்கை கூடிக்கொண்டே போகும். ‘குடிச்சா ஒரு சுகமும் இல்லப்பா, ஆனா குடிக்காம இருக்க முடியல’ என்று பழங்குடிகாரர் சொல்வது சாக்கு இல்லை. அவர் மூளையில் நடப்பதை அப்படியே சொல்கிறார்.

வார்டில் பத்து நாள் அந்த வேட்கை எழவில்லையே, போய்விட்டது என்றுதானே அர்த்தம்? இல்லை. மார்க் பூட்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் எலிகளை வைத்துச் செய்த ஆய்வுகள் இதற்குப் பதில் சொல்கின்றன. எலி ஒரு பெட்டியில் ஒரு குறிக்குப் பழகுகிறது. பிறகு வேறொரு பெட்டிக்கு மாற்றி, அதே குறியைக் காட்டி, ஒன்றும் தராமல் விட்டால் பழக்கம் தேய்ந்து மறைகிறது. மீண்டும் முதல் பெட்டியில் வைத்ததும் பழக்கம் திரும்பி வந்துவிடுகிறது. பழையது அழியவில்லை, அதன்மேல் புதிய பாடம் ஒன்று படிந்திருக்கிறது. அந்தப் புதிய பாடமோ அது கற்ற இடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வார்டு இரண்டாவது பெட்டி. வீடு, தெரு, கோப்பிக்கடை, கூட்டாளிகள் எல்லாம் முதல் பெட்டி. சத்தியம் செய்தவர் இரண்டாவது பெட்டியில் செய்தார், முதல் பெட்டிக்குத் திரும்பினார். இதைப் புரிந்துகொண்டபின் ‘மன உறுதி இல்லாதவன்’ என்று யாரையும் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

தெருவை மாற்ற முடியாது, ஆறு மணி வருவதைத் தடுக்க முடியாது. தூண்டுகுறிகளிலேயே வலுவானதும், மாற்றக்கூடியதும் ஒன்றுண்டு. அது கூட இருக்கும் ஆள்கள். ஏ.ஏ. என்று எல்லாரும் சொல்லும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தொடங்கிய விதமே இதைக் காட்டுகிறது. 1935 மே மாதம். குடியை விட்டுச் சில மாதமே ஆன பில் வில்சன் என்ற நியூயார்க்காரர், வேலை விஷயமாக ஓஹையோ மாநிலத்தின் ஏக்ரன் நகருக்குப் போனார். போன காரியம் கெட்டது. ஹோட்டல் முன்கூடத்தில் ஒருபுறம் மதுக்கூடம், மறுபுறம் தொலைபேசி. அவர் தேவாலயம் ஒன்றுக்கு அழைத்து, பேசுவதற்கு ஒரு குடிகாரர் கிடைப்பாரா என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். கால் மணி நேரம் பேசுவதாக ஒப்புக்கொண்டு வந்தவர், ஆறு மணி நேரத்துக்கும் மேல் பேசிக்கொண்டிருந்தார். அவர் கடைசியாகக் குடித்த நாளான 1935 ஜூன் 10-ஐத்தான் ஏ.ஏ. தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. வில்சன் அன்று தேடியது தமக்கு உதவி செய்பவரை அல்ல, தம்முடைய உதவி தேவைப்படும் ஒருவரை. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு கூட்டத்தை அருகிலிருந்து பார்ப்போம். பெரும்பாலும் தேவாலயத்தின் பின்கட்டு அறை, அல்லது சமூக மண்டபத்தில் வாடகைக்கு எடுத்த அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேசை, ஒரு ஃபிளாஸ்க் தேநீர். வருகைப் பதிவேடு கிடையாது, அடையாள அட்டையை யாரும் கேட்கமாட்டார்கள். அன்று கூட்டம் நடத்தும் உறுப்பினர் ஒரு சிறு முன்னுரையை வாசிப்பார். பிறகு ஒருவர் தம் பெயரை மட்டும் சொல்லி, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று தொடங்குவார். எல்லாரும் பெயர் சொல்லி வணக்கம் சொல்வார்கள். அவர் ஐந்து பத்து நிமிடம் பேசுவார். இடையில் யாரும் குறுக்கிடுவதில்லை, பேசி முடித்தபின் யாரும் அதை அலசுவதும் இல்லை. நன்றி சொல்லிவிட்டு அடுத்தவர். உங்கள் முறை வரும்போது ‘இன்றைக்குக் கேட்கத்தான் வந்தேன்’ என்றால் போதும், யாரும் வற்புறுத்தமாட்டார்கள். நடுவில் ஒரு பை சுற்றி வரும். இயக்கம் வெளியாரிடம் பணம் வாங்குவதில்லை என்பதால் உறுப்பினர்கள் இரண்டு மூன்று ரிங்கிட் போடுவார்கள். புதியவர் போட வேண்டியதில்லை. சேர்வதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்தும் விருப்பம். முடிவில் முப்பது நாள், ஓராண்டு என்று தாண்டியவர்களுக்கு வில்லை கொடுத்துக் கைதட்டுவார்கள்.

அதன்பிறகு நடப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. கூட்டம் கலைந்தும் ஆள்கள் போவதில்லை. தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், ஒருவர் எண்ணை மற்றவர் கைப்பேசியில் ஏற்றிக்கொள்கிறார். ‘ராத்திரி மனசு ஒருமாதிரியா இருந்தா கூப்பிடுங்கண்ணே, எத்தனை மணின்னாலும் பரவாயில்ல’ என்று ஒருவர் சொல்கிறார். ஆய்வுகள் வழியே பார்த்தால் அந்தத் தேநீர் நேரம் கூட்டத்தைப் போலவே முக்கியம்.

இதெல்லாம் பலனளிக்கிறது என்று எப்படித் தெரியும்? இங்கேதான் ஆய்வாளர்கள் நெடுங்காலம் தடுக்கி நின்றார்கள். தண்ணீர்மலைப் பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள். தைப்பூசத்தன்று மேலே போய்ச் சேர்ந்தவர்களையும் அடிவாரத்திலேயே நின்றுவிட்டவர்களையும் பிடித்து மூச்சு, முழங்கால், இரத்த அழுத்தம் எல்லாம் சோதித்தால், மேலே இருப்பவர்கள் ஆரோக்கியமாக இருப்பார்கள். படி ஏறியதால் ஆரோக்கியம் வந்ததா, ஆரோக்கியமானவர்கள்தாம் ஏறினார்களா? ஏ.ஏ. கூட்டங்களுக்குத் தவறாமல் போகிறவர்கள் குறைவாகக் குடிக்கிறார்கள் என்பது பல ஆய்வுகளில் தெரிந்தது. ஆனால் ஏற்கெனவே விடுவதென்று முடிவெடுத்தவர்கள்தாமே போகிறார்கள் என்று சொல்லிவிட்டால் அந்த எண்ணிக்கையெல்லாம் வீண். சுயதேர்வுப் பிழை என்பது இதுதான்.

இதைத் தாண்ட ஒரே நேர்வழி சீட்டுக் குலுக்கல். சிகிச்சைக்கு வருபவர்களில் யார் எந்தச் சிகிச்சைக்குப் போவது என்பதை அவர்கள் விருப்பமும் டாக்டர் விருப்பமும் தீர்மானிக்காமல் குலுக்கல் தீர்மானிக்க வேண்டும். கூட்டத்துக்குப் போகாதே என்று ஒருவரைத் தடுப்பது முறையல்ல. அதனால் ஒரு பாதியினருக்கு, அவர்களை ஏ.ஏ.-வுடன் இணைத்துவிடுவதையே வேலையாகக் கொண்ட ஆலோசனை தருவார்கள். மறுபாதிக்கு வேறு நல்ல உளவியல் சிகிச்சை. முதலாவதை இணைப்புச் சிகிச்சை என்று அழைப்போம்.

மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2006-இல் இதைப் பார்த்தபோது, ஏ.ஏ. பலனளிக்கிறது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை என்றது. 2020-இல் ஜான் கெல்லி, கீத் ஹம்ஃப்ரீஸ், மரிகா ஃபெர்ரி மூவரும் மீண்டும் தொகுத்தார்கள். இம்முறை 27 ஆய்வுகள், 10,565 பேர். முறையாக வகுத்த இணைப்புச் சிகிச்சை பெற்றவர்களில் 42 விழுக்காட்டினர் ஓராண்டு முடிவில் தொடர்ந்து குடிக்காமல் இருந்தார்கள். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை போன்ற மற்றச் சிகிச்சைகளில் அது 35 விழுக்காடு. நூற்றுக்கு ஏழு பேர் கூடுதல். அதிசயம் ஒன்றும் இல்லை, பாதிக்கு மேற்பட்டவர்கள் எந்தச் சிகிச்சையிலும் ஓராண்டுக்குள் ஒருமுறையாவது குடித்திருக்கிறார்கள். ஆனால் தேர்ந்த நிபுணர் தரும் சிகிச்சையோடு போட்டியிட்டு, கட்டணம் வாங்காத, ஆயுள் முழுக்கக் கிடைக்கும் ஒன்று முந்துகிறது என்றால் அதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

ஹம்ஃப்ரீஸும் அவர் துணை ஆய்வாளர்களும் 2014-இல் இன்னொரு நுட்பமான வழியையும் கையாண்டிருந்தார்கள். குலுக்கலில் இணைப்புச் சிகிச்சை விழுந்தவர்கள் கூட்டங்களுக்கு அதிகமாகப் போனார்கள். அவர்களாக ஆர்வப்பட்டுப் போன பங்கை ஒதுக்கிவிட்டு, குலுக்கலால் மட்டுமே கூடிய வருகையைப் பிரித்தெடுத்து, அந்தக் கூடுதலுக்கு ஏற்பக் குடிக்காத நாள்களும் கூடினவா என்று பார்த்தார்கள். புள்ளியியலில் இது கருவி மாறி முறை. ஐந்து தரவுத் தொகுதிகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மூன்று மாதத்திலும் பதினைந்து மாதத்திலும் கூடியிருந்தன. ஆறாவது ஒன்றில் கூடவில்லை. அதில் இருந்தவர்கள் ஏற்கெனவே கூட்டங்களுக்கு நிறையப் போய்க்கொண்டிருந்தவர்கள். இன்னும் தள்ளிவிட்டதால் அவர்களுக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. படி ஏறாதவரை ஏற்றினால்தான் பலன்.

சரி, அறைக்குள் எது வேலை செய்கிறது? ஏ.ஏ.-வின் பன்னிரண்டு படிநிலைகள் என்ற கோட்பாடா, கடவுள் நம்பிக்கையா, மனம்விட்டுப் பேசுவதா? 1,726 பேரை, இணைப்புச் சிகிச்சை உள்பட மூன்று விதச் சிகிச்சைக்குக் குலுக்கிப் போட்ட ‘ப்ராஜெக்ட் மேட்ச்’ என்ற அமெரிக்க ஆய்வு 1990-களில் நடந்தது. மூன்றாண்டு கழித்துப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. யாரைச் சுற்றிலும் குடிப்பவர்களே நிறைந்திருந்தார்களோ, அவர்களுக்குத்தான் இணைப்புச் சிகிச்சை அதிகம் உதவியிருந்தது, உதவியதும் ஏ.ஏ.-வில் அவர்கள் கலந்துகொண்டதன் வழியாகத்தான். கெல்லி பின்னர் இதே தரவுகளை வைத்து, ஏ.ஏ.-வின் பலன் எந்த வழிகளில் வருகிறது என்று பிரித்துப் பார்த்தார். முதன்மையாக வந்தவை இரண்டு: குடிக்கும் நண்பர்கள் குறைந்து குடிக்காத நண்பர்கள் கூடியது, நாலு பேர் கூடுமிடத்தில் குடிக்காமல் இருக்க முடியும் என்ற தைரியம் வந்தது. ஆன்மிகத்தின் பங்கு, நோய் முற்றியவர்களிடம் கூடுதலாகத் தெரிந்தது.

கனெக்டிகட்டில் மார்க் லிட் 210 பேரிடம் செய்த ஆய்வு இதை இன்னும் துல்லியமாகச் சொல்கிறது. ஒருவருடைய வட்டத்தில் குடிக்காத நபர் ஒரே ஒருவர் கூடினால்கூட, அடுத்த ஓராண்டில் அவர் குடிக்காமல் இருக்கும் வாய்ப்பு 27 விழுக்காடு உயர்ந்தது. ஒரே ஒருவர்! அந்தத் தேநீர் நேரத்தில் கைப்பேசியில் ஏறிய எண்ணின் மதிப்பு அது.

வில்சன் தேடிய ஆளின் கதைக்கும் சான்று உண்டு. ப்ராஜெக்ட் மேட்ச் தரவுகளை 2004-இல் மரியா பகானோ குழுவினர் பார்த்தபோது, மற்றொரு குடிநோயாளிக்கு உதவியவர்களில் 40 விழுக்காட்டினர் சிகிச்சைக்குப் பிந்திய ஓராண்டில் குடிக்கவில்லை, உதவாதவர்களில் 22 விழுக்காட்டினர்தான். இங்கே குலுக்கல் இல்லை, ஆகவே படிக்கட்டுச் சந்தேகம் இதற்கும் பொருந்தும். ஆனாலும் புதியவரைத் தேடிப்போய் அழைத்துவர உறுப்பினர்கள் ஏன் அவ்வளவு தயாராக இருக்கிறார்கள் என்பது இதிலிருந்து புரியும். உங்களுக்காக ஒருவர் பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பதில் அவருக்கும் லாபம் உண்டு. தொந்தரவு கொடுக்கிறோமே என்று கூச வேண்டியதில்லை.

நம் பக்கத்து வரலாற்றிலும் இதை யோசிக்க இடமிருக்கிறது. பினாங்குக்கு எதிர்க்கரையில் கெடா. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அங்கே ரப்பர் தோட்டங்களில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. தோட்டத்துக் கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தது. 1947 தொடக்கத்தில் பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தில் போலீசுடன் மோதல் வரை போனது. கடையை மூடச்சொன்ன போராட்டமாகத்தான் அது நினைவுகூரப்படுகிறது. அந்த இளைஞர்கள் வேலை முடிந்தபின் அணிவகுப்புப் பயிற்சிக்கும் ஒன்றுகூடினார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. கள்ளுக்கடையைத் தவிர வேறு கூட்டமே இல்லாத தோட்டத்தில் அது வேறொரு கூட்டத்தைக் கொடுத்தது. சம்சு என்ற மலிவு மதுவுக்கு எதிராகப் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்துவருவதும், 2017 டிசம்பர் முதல் மது வாங்கும் வயதை 18-லிருந்து 21-ஆக அரசாங்கம் உயர்த்தியதும் தேவையானவைதான். ஆனால் ஏற்கெனவே நோயில் விழுந்துவிட்ட நாற்பது வயதுக்காரருக்கு மாலை ஆறு மணிக்கு உட்கார வேறொரு நாற்காலி வேண்டும்.

அந்த நாற்காலிவரை அவரைக் கொண்டு சேர்ப்பது எப்படி? 1981-இல் வெளிவந்த ஒரு சின்ன ஆய்வு இது. சிசன், மல்லாம்ஸ் என்ற இருவர் 20 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். பத்துப் பேருக்கு வழக்கம்போலக் கூட்டம் நடக்கும் இடமும் நேரமும் சொல்லி, போய்வாருங்கள் என்றார்கள். மற்றப் பத்துப் பேரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே, அவர்கள் கண்முன்னால் ஓர் ஏ.ஏ. உறுப்பினரைத் தொலைபேசியில் அழைத்து, ரிசீவரை நோயாளியின் கையில் கொடுத்தார்கள். அந்த உறுப்பினர் நானே வந்து அழைத்துப்போகிறேன் என்று சொல்லி, கூட்டத்துக்கு முன் ஒருமுறை நினைவூட்டவும் செய்தார். முகவரி மட்டும் வாங்கிப்போன பத்துப் பேரில் ஒருவர்கூடப் போகவில்லை. தொலைபேசியில் பேசிய பத்துப் பேரும் போனார்கள். இருபது பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான், ஆனால் பத்துக்குச் சுழியம் என்ற இடைவெளியைத் தற்செயல் என்று தள்ள முடியாது.

முகவரியைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுப்பதோடு நம் கடமை முடிந்தது என்று நினைக்கும் ஒவ்வொரு டாக்டரும் இதைப் படிக்க வேண்டும். வார்டிலிருந்து விடுவிக்கும் முன், அந்த மேசையிலிருந்தே ஓர் அழைப்பு. அதற்கு ஐந்து நிமிடம்தான் ஆகும்.

ஜார்ஜ் டவுனில் இதற்குச் சில தடைகள் உண்டு. ஊர் சின்னது, லிட்டில் இந்தியாவில் ஒரு முனையில் தும்மினால் மறுமுனையில் தெரியும். ‘யாராவது பார்த்துவிட்டால்?’ என்ற பயம் நியாயமானது. ஆனால் அறைக்குள் உங்களைப் பார்க்கும் தெரிந்தவரும் அதே காரணத்துக்காகத்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறார். அங்கே கண்டது அங்கேயே இருக்க வேண்டும் என்பதில் உங்களைவிட அவருக்கு அக்கறை அதிகம். அடுத்த தடை மொழி. மலேசியாவில் இக்கூட்டங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய ஒருவருக்குத் தம் வாழ்க்கையின் மிக அவமானமான இரவை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் எப்படிச் சொல்வார்? தமிழ்நாட்டில் தமிழிலேயே கூட்டங்கள் ஏராளம், பெருந்தொற்றுக் காலத்திலிருந்து இணையவழியிலும் நடக்கின்றன. சென்னையில் இரவு எட்டு மணி என்றால் நமக்குப் பத்தரை என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். என் யோசனை, இரண்டையும் சேர்த்துக்கொள்வது. மனம்விட்டுப் பேசத் தமிழ்க் கூட்டம் இணையத்தில். ஆறு மணிக்கு வந்து வாசலில் நிற்கக்கூடிய ஆளுக்கு உள்ளூர்க் கூட்டம், மொழி பாதிதான் புரிந்தாலும். வீட்டுக்குத் தெரியாமல் குடிக்கும் பெண்கள் நாம் ஒப்புக்கொள்வதைவிட அதிகம். ஆண்கள் நிறைந்த அறைக்குள் நுழையத் தயங்கும் அவர்களுக்குப் பெண்களுக்கு மட்டுமான இணையக் கூட்டங்கள் நல்ல வாசல்.

கடவுள் பேச்சு ஒத்துவராதவர்களுக்கு, 1994-இல் தொடங்கிய ஸ்மார்ட் ரிக்கவரி போன்ற சமயம் சாராத குழுக்களும் இணையத்தில் உண்டு. முழுமையாக நிறுத்துவதையே இலக்காக வைத்தவர்களுக்கு அவையும் ஏறக்குறைய இதே பலனைத் தருவதாக ஆய்வுகள் சொல்கின்றன. வேலை செய்வது ஆள்கள்தாம் என்றால் அப்படித்தானே இருக்கும்? நால்ட்ரெக்ஸோன் போன்ற வேட்கை குறைக்கும் மாத்திரையை டாக்டர் கொடுத்தால் அதையும் விடாமல் சாப்பிட வேண்டும். கூட்டத்துக்குப் போகிறவர் மாத்திரை போடக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

கணவரை இழந்தபின் 1980-இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையைத் தொடங்கிய சாந்தி ரங்கநாதன், பின்னர் தஞ்சைப் பக்கம் மஞ்சக்குடியில் குடிநோய் முகாம்களை நடத்தினார். கிராமத்து நோயாளியை நகரத்து வார்டுக்கு இழுக்காமல், அவர் பிறந்து வளர்ந்த வட்டாரத்திலேயே, குடும்பத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சிகிச்சை. பூட்டனின் எலிகளை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை தெரியும். முதல் பெட்டிக்குள்ளேயே புதிய பாடம் நடக்கிறது.

‘அவர் வரவே மாட்டேன் என்கிறார், நான் என்ன செய்வது?’ என்று கேட்கும் மனைவிக்கும் ஆய்வு ஒன்று பதில் வைத்திருக்கிறது. வில்லியம் மில்லரும் ராபர்ட் மையர்ஸும் 1999-இல் சிகிச்சைக்கு மறுக்கும் குடிநோயாளிகளின் உறவினர் 130 பேரை மூன்று வழிகளுக்குக் குலுக்கினார்கள். உறவினர்கள் கூடிச் சூழ்ந்து நின்று, நேருக்கு நேர் எடுத்துச்சொல்லும் வழியில் 30 விழுக்காட்டினர் சிகிச்சைக்கு வந்தார்கள். குடும்பத்தாருக்கான அல்-அனான் குழுவில் உறவினர் சேரும் வழியில் 13 விழுக்காட்டினர். அல்-அனானின் நோக்கமே உறவினரின் நிம்மதிதான், குடிப்பவரை இழுத்துவருவது அல்ல. உறவினர்களின் மன நிம்மதி மூன்று வழிகளிலும் ஒரேபோலக் கூடியது. மூன்றாவது வழியில் 64 விழுக்காட்டினர் வந்தார்கள்.

மூன்றாவது வழியில் மனைவிக்குக் கற்றுத்தருவது இதைத்தான். குடிக்காத மாலையில் அவருக்குப் பிடித்ததைச் சமைத்து, பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். குடித்த இரவில் சண்டை போடாமல் விலகிவிட வேண்டும். மறுநாள் முதலாளிக்கு அழைத்துக் காய்ச்சல் என்று பொய் சொல்லக் கூடாது, வாந்தியைக் கழுவிவிடக் கூடாது, விளைவு அவருக்கே தெரியட்டும். அடிதடி நடக்கும் வீடாக இருந்தால் தம் பாதுகாப்புக்கு வழி செய்த பிறகே மற்றதெல்லாம். பிறகு நேரம் பார்க்க வேண்டும். போதை தெளிந்து, தலையைப் பிடித்துக்கொண்டு, ‘எனக்கே வெறுத்துப்போச்சு’ என்று அவரே சொல்லும் காலை ஒன்று வரும். அந்தக் காலை அரை நாள்கூட நீடிக்காது. அதற்கு முன்பே கிளினிக் திறந்திருக்கும் நேரம், இந்த வாரக் கூட்டம் எங்கே எத்தனை மணிக்கு, அழைத்தால் எடுக்கும் உறுப்பினரின் எண், கூடவே வரச் சம்மதித்த தம்பியோ மாமாவோ எல்லாம் தயாராக இருக்க வேண்டும். அவர் ‘சரி’ என்றதும் எண்ணை அழுத்தி, கைப்பேசியை அவர் கையில் கொடுத்துவிடலாம்.